பழைய டெஸ்க்டாப்பை டிவியோடு சேர்ப்பது: நீலகிரி வீடுகளில் இருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கம் நிறைய வீடுகளில் ஒரு பழைய டெஸ்க்டாப் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு வாங்கியதாக இருக்கும், இல்லாவிட்டால் ஆபீஸில் கழித்துவிட்டபோது எடுத்து வந்ததாக இருக்கும். அதை ஹாலில் டிவியோடு இணைத்துப் படம், பாட்டு, கல்யாண வீடியோ, யூடியூப் எல்லாம் பார்க்க முடியுமா என்று கேட்கிறவர்கள் அதிகம். பெரும்பாலும் முடியும். எதில் காசு போடுவது, எதில் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது என்பதில்தான் குழப்பம். கோவைக்கு இறங்கி ஒரு பொருளை வாங்கி வந்து, அது மெஷினில் உட்காரவில்லை என்றால் இன்னொரு நாள் வீணாகப் போகும். அதனால் இறங்குவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது பத்துப் பன்னிரண்டு வருஷத்து மெஷின். தேறுமா, பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதானா?

பிராசசர் (மெஷினின் மூளை) எந்தத் தலைமுறை என்று முதலில் பாருங்கள். இன்டெல் என்றால் 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5-இல் இருந்து மேலே எதுவாக இருந்தாலும் தாராளமாக வேலைக்கு ஆகும். அதற்கு முந்தைய கோர் 2 டியோ, பென்டியம் டூயல் கோர், டிடிஆர்2 ராம் (தற்காலிக நினைவகம்) போட்ட மெஷின்களைப் பாட்டுக் கேட்கவும் டிவிடி பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதிதாகக் காசு போட வேண்டாம். அதன் ராம் பழைய மெஷினில் இருந்து கழற்றியதாகத்தான் கிடைக்கும், கிடைத்தாலும் இன்றைய பிரவுசர்கள் அந்த மெஷினைத் திணறடித்துவிடும்.

ஏஎம்டி என்றால் 2017-இல் இருந்து வந்த ரைசன் எதுவும் சரி. எஃப்எக்ஸ் வகைப் பிராசசருக்குள்ளும், பெயர் ஜி என்று முடியாத பல ரைசன்களுக்குள்ளும் கிராபிக்ஸ் கிடையாது, அவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம்.

எந்தத் தலைமுறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவை (பிராசசர்தான்) சொடுக்கினால் பெயர் தெரியும். ஐ5-3470 என்று இருந்தால் கோட்டுக்கு அடுத்த முதல் எண் 3, ஆக மூன்றாம் தலைமுறை. ஐ3-7100 என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-650 மாதிரி மூன்றே இலக்கம் இருந்தால் முதல் தலைமுறை. மெஷின் ஆன் ஆகவே இல்லையென்றால் கேபினட் முகப்பில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், பிராசசரை யாராவது இடையில் மாற்றியிருக்கலாம்.

சில படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, சில படம் திக்கித் திக்கி ஓடுகிறது. ஒரே மெஷின்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பதில் பாதி தெளிந்துவிடும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கேமராவில் எடுத்ததை அப்படியே வைத்தால் ஒரு படத்துக்கே டிஸ்க் நிறைந்துவிடும். அதனால் சுருக்கி வைக்கிறார்கள், சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். 2003-இல் வந்த எச்.264 இன்று வரை எங்கும் ஓடும். 2013-இல் எச்.265 வந்தது, எச்இவிசி என்பதும் அதுதான். அதே வருஷம் கூகுளின் விபி9 வந்தது, யூடியூப் அதை அதிகம் பயன்படுத்துகிறது. 2018-இல் ஏவி1 வந்தது. புதிய முறை எதுவோ அது இன்னும் சின்னதாகச் சுருக்கும், அதை விரிக்கவும் அதே அளவுக்குக் கூடுதல் கணக்குப் போட வேண்டும்.

கிராபிக்ஸ் சிப்புக்குள் இந்த விரிக்கும் வேலைக்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. கோப்பின் கோடெக் அந்தப் பகுதிக்குத் தெரிந்ததாக இருந்தால் பிராசசர் சும்மா உட்கார்ந்திருக்கும், படம் ஓடும். தெரியாததாக இருந்தால் முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழும். அப்போதுதான் ஃபேன் இரைகிறது, குரல் முன்னால் போகிறது, உதடு பின்னால் அசைகிறது.

இன்டெல் சிப்புகளில் இரண்டாம் தலைமுறையில் இருந்தே எச்.264-ஐச் சிப்பே பார்த்துக்கொள்ளும். எச்.265-இன் சாதாரண 8 பிட் வகைக்கு ஆறாம் தலைமுறை வேண்டும். 4கே படங்களில் அதிகம் வரும் 10 பிட் வகைக்கும் விபி9-க்கும் ஏழாம் தலைமுறை வேண்டும். ஏவி1 என்றால் பதினொன்றாம் தலைமுறை வரை போக வேண்டும். என்னைக் கேட்டால் வீட்டில் படம் பார்ப்பதற்கு ஏழாம் தலைமுறைதான் உண்மையான எல்லைக்கோடு. அதற்கு மேலே இருந்தால் கார்டு எதுவும் வேண்டாம். கீழே இருந்தால் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யலாம்.

சோதிப்பது சுலபம். திக்குகிற படத்தை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியு 90, 100 என்று நிற்கிறதா, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பகுதியில் வீடியோ டீகோட் என்ற வரைபடம் தரையோடு கிடக்கிறதா, அப்படியானால் சிப்புக்கு அந்தக் கோடெக் தெரியவில்லை. ரொம்பப் பழைய சிப்புகளில் ஜிபியு பகுதியே காட்டாது, அப்போது சிபியு அளவை மட்டும் பாருங்கள். கோப்பு எந்தக் கோடெக் என்பதை விஎல்சி பிளேயரில் டூல்ஸ் மெனுவில் கோடெக் தகவல் என்ற இடத்தில் பார்க்கலாம்.

யூடியூப் மட்டும் திக்குகிறது, என்ன செய்யலாம்?

காசே செலவில்லை. எச்264இஃபை என்று ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் யூடியூப் விபி9, ஏவி1 எதையும் அனுப்பாமல் எச்.264-ஐ மட்டும் அனுப்பும், பழைய ஐ3 கூட அமைதியாக ஓட்டும். அந்த வகையில் 1080க்கு (முழு எச்டி) மேல் கிடைக்காது. பழைய மெஷினுக்கு 1080 போதும்.

கடையில் ஜிடி 710 என்ற கிராபிக்ஸ் கார்டு காட்டி 4கே ஓடும் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அட்டைப்பெட்டியில் 4கே என்று போட்டிருப்பது பொய்யில்லை, ஆனால் அது திரைக்கு அனுப்பக்கூடிய அளவு. டிவியில் 4கே டெஸ்க்டாப் தெரியும், அதுவும் நொடிக்கு 30 முறைதான் மாறும் என்பதால் மவுஸ் இழுத்தால் தள்ளாடும். எச்.265 படத்தை விரிக்கும் பகுதி ஜிடி 710-இல் கிடையாது, ஜிடி 730-லும் கிடையாது. இந்தக் கார்டைப் போட்ட பிறகும் அந்தப் படம் முன்பு திக்கிய மாதிரியேதான் திக்கும். இதை வாங்கி வந்து ஏமாந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்திருந்தால் ஜிடி 1030 வந்திருக்கும். அது எச்.265 10 பிட், விபி9 இரண்டையும் விரிக்கும், எச்டிஎம்ஐ 2.0 இருப்பதால் 4கே-யை 60-இல் அனுப்பும், 30 வாட் அளவுக்குத்தான் இழுக்கும், தனி பவர் வயர் கேட்காது. டிடிஆர்4, ஜிடிடிஆர்5 என்று இரண்டு வகை வருகிறது. கேம் ஆடுகிறவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் முக்கியம், படம் பார்க்க எதுவானாலும் சரி.

ஆபீஸ்களில் கழித்த ஒல்லி கேபினட் என்றால் கார்டின் பின்பக்கத் தகடு உயரம் குறைந்ததாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் குட்டைத் தகடு தனியாகக் கிடக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டைச் சிலர் சொல்கிறார்கள். புதிய கார்டாக இருந்தும் அதில் ஏவி1 விரிப்பு இல்லை. ஏவி1 வேண்டும் என்று இன்டெல் ஆர்க் கார்டுகள் பக்கம் போனால் பழைய மதர்போர்டோடு மல்லுக்கட்ட வேண்டி வரும். ஏவி1-க்காகப் பழைய மெஷினில் காசு போடாதீர்கள்.

டிவி 1080, கோப்புகள் எச்.264, அவ்வளவுதான் தேவை என்றால் எந்தக் கார்டும் வேண்டாம்.

முதலில் எதை மாற்றுவது?

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி சுற்றுவட்டாரத்தில் படிக்கும், சாட்டா (பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பு) எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். மதர்போர்டு பழைய சாட்டா 2 ஆக இருந்தால் 280-ஐ ஒட்டி நிற்கும், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம்தான். சுவிட்சைப் போட்டு டீ கலந்து வருவதற்குள் ஆன் ஆகாத மெஷின், உட்காருவதற்குள் ஆன் ஆகும். 240 ஜிபி போதும், படங்களைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டியைக் கேட்டு வாங்குங்கள். சூயிங்கம் அளவில் குச்சி மாதிரி வரும் என்விஎம்இ வேகமானதுதான், ஆனால் ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய போர்டுகளில் பெரும்பாலும் அதற்கு இடமே இருக்காது, அடாப்டர் வைத்தாலும் அதில் இருந்து விண்டோஸ் ஆன் ஆவது சந்தேகம்தான். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்பு திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா மோட் ஐடிஇ என்று இருந்தால், விண்டோஸ் போடுவதற்கு முன்பே ஏஎச்சிஐ என்று மாற்றிவிடுங்கள். போட்ட பிறகு மாற்றினால் நீலத் திரை வரும்.

ராம்?

8 ஜிபி. ஒரே துண்டாக இல்லாமல் இரண்டு 4 ஜிபி துண்டாகப் போட்டால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு நல்லது. டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பழைய துண்டு ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டு போய்க் காட்டி வாங்குவதே மேல்.

விண்டோஸ் 10-ஐ நிறுத்திவிட்டார்களாமே?

2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறார்கள், நாம் பேசுகிற மெஷின்களில் பெரும்பாலானவை அதில் தேறாது. சுற்றுவழியில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. ஏற்றலாம், ஆனால் பெரிய அப்டேட் வரும்போது அது நிற்குமா என்று யாரும் உறுதி தர முடியாது.

என் பரிந்துரை, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட். 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, 4 ஜிபி ராமிலேயே மரியாதையாக ஓடும், திரை அமைப்பு விண்டோஸ் பழகியவருக்கு அந்நியமாக இருக்காது. பிரவுசரே வேண்டாம், டிஸ்க்கில் இருக்கும் படமும் பாட்டும் மட்டும் போதும் என்றால் லிப்ரெலெக் போடுங்கள். ஆன் செய்தால் நேராக ‘கோடி’ (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளின் திரை வந்து நிற்கும், அம்மா அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிடச் சுலபமான ஒன்றை நான் பார்க்கவில்லை. பாங்க் வேலை, ஆதார் வேலை எதையும் அப்டேட் நின்ற விண்டோஸில் செய்யாதீர்கள்.

ஓடிடி எல்லாம் 4கேயில் வருமா?

வராது என்று வைத்துக்கொள்வதே நல்லது. நகலெடுப்பதைத் தடுக்கும் பதிப்புரிமைப் பூட்டு காரணமாகப் பல சேவைகள் கம்ப்யூட்டர் பிரவுசருக்குத் தரத்தைக் குறைத்தே அனுப்புகின்றன, லினக்ஸில் இன்னும் குறையலாம். நெட்ஃபிளிக்ஸ் 4கே கம்ப்யூட்டரில் வர விண்டோஸும் ஏழாம் தலைமுறையும் வேண்டும், எட்ஜ் பிரவுசரிலோ அதன் சொந்தச் செயலியிலோ பார்க்க வேண்டும். ஓடிடி மட்டும்தான் உங்கள் தேவை என்றால் டிவியில் செருகும் ஸ்டிக் ஒன்று வாங்கிவிட்டு இந்த மெஷினை மறந்துவிடலாம், இதை மனப்பூர்வமாகவே சொல்கிறேன். சொந்தமாகச் சேர்த்து வைத்த படம், பாட்டு, போட்டோ இருக்கிறவர்களுக்குத்தான் டெஸ்க்டாப் பிரயோஜனம்.

இன்னொன்று. 1080-க்கு 5 எம்பிபிஎஸ்ஸும் 4கேக்கு 15-ம் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. ஃபைபர் வந்த இடங்களில் அது பிரச்சினையே இல்லை. ஆனால் ஜூலையில் கற்பூர மரம் சாய்ந்து கேபிளை இழுத்துக்கொண்டு விழுந்தால் இரண்டு நாள், மூன்று நாள் நெட் இருக்காது என்பது கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிஸ்க்கில் இருக்கும் படத்துக்கு எந்த லைனும் வேண்டாம்.

மூடுபனியும் ஈரமும் மெஷினைக் கெடுக்குமா?

கெடுக்கும். ஓடுகிற மெஷினைவிட ஓடாத மெஷினைத்தான் அதிகம் கெடுக்கும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் வாரக்கணக்கில் சுவர் காயாது. அந்த நாட்களில் மூடி வைத்த மெஷினில் ராமின் தங்கப் பற்களில் மங்கலாக ஒரு படலம் ஏறும். திடீரென்று ஒரு நாள் ஆன் செய்தால் திரை வராது, பீப் பீப் என்று கத்தும். மதர்போர்டு போய்விட்டது என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வயரைக் கழற்றி, ராமை எடுத்து, பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை இருபுறமும் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, டக் என்று சத்தம் வரும் வரை அழுத்திப் பொருத்துங்கள். இந்தப் பக்கம் மழைக்காலத்தில் செத்ததாகச் சொல்லப்படும் மெஷின்களில் நிறைய இதிலேயே எழுந்துவிடும்.

வாரத்தில் இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூடே உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும். பருத்தித் துணி போதும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள், தரையில் வைக்கவே வேண்டாம்.

உறைபனிக் காலத்தில் ஊட்டியில் விடியற்காலை வீட்டுக்குள்ளும் நடுங்கும். அந்தச் சில்லென்ற மெஷின் இருக்கும் அறையில் வெந்நீர் ஆவியோ சமையல் ஆவியோ பரவினால் இரும்பின் மேல் நீர் முத்து முத்தாகக் கோக்கும். அப்படி ஈரம் தெரிந்தால் தானாகக் காயும் வரை சுவிட்ச் போடாதீர்கள். கணப்பு மூட்டும் அறையில் வைத்தால் புகைக்கரி ஃபேனில் பிசினாக ஒட்டும், அடிக்கடி திறந்து துடைக்க வேண்டி வரும்.

தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது, எந்த வெப்சைட்டும் திறப்பதில்லை.

மதர்போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் பிரவுசர் பாதுகாப்புச் சான்றை ஏற்காது, நெட் இருந்தும் எல்லாத் தளத்திலும் எச்சரிக்கை வரும். பேட்டரி கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றிவிட்டு பயாஸில் தேதியோடு ஏஎச்சிஐயையும் மறுபடி பார்த்து வையுங்கள், அதுவும் பழையபடி மாறியிருக்கலாம்.

கரண்ட் போய்ப் போய் வருகிறது, இடி வேறு. யுபிஎஸ் அவசியமா?

பைக்காராவும் குந்தாவும் மின்சாரம் தயாரிக்கிற மாவட்டம் இது. ஆனால் லைன் காட்டுக்குள் வருகிறது, ஒரு சீகைக் கிளை விழுந்தால் ஊருக்கே கரண்ட் போகும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். படத்தை முழுசாகப் பார்த்து முடிக்க அது உதவாது, மெஷினை ஒழுங்காக அணைக்கப் பத்து நிமிஷம் தரும், அதற்குத்தான். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போனால் கோப்பு மட்டும் போகாது, சில சமயம் டிஸ்க்கே போகும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டிவியையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டினால் அந்தப் பத்து நிமிஷமும் கிடைக்காது.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் (மெஷினுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) பின்பக்கம் சிவப்பாக ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், 115, 230 என்று எழுதியிருக்கும். மாலையில் வோல்டேஜ் குறைகிறதே என்று அதை 115-க்குத் தள்ளிவிடாதீர்கள், உடனே வெடிக்கும். அது எப்போதும் 230-இல்தான் இருக்க வேண்டும்.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுகிறதா? எர்த் சரியில்லை. பழைய எஸ்டேட் லயன் வீடுகளிலும் இரண்டு ஊசி பிளக் போட்ட வீடுகளிலும் இது சகஜம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிக்க வைத்த கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் இரும்பில் ஏறி நிற்கிறது, எர்த் இருந்தால் அது இறங்கிவிடும். அந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் டிவியின் போர்ட் போய்விடக்கூடும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்வதுதான் இந்த மெஷினுக்கு நீங்கள் செய்யும் முதல் செலவாக இருக்கட்டும், எஸ்எஸ்டி அதற்குப் பிறகு.

ஏப்ரல், மே மாலைகளில் இடி கிளம்பினால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. நெட் வயர், கேபிள் டிவி வயர் இரண்டையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும், லான் போர்ட் மட்டும் கருகிப்போன மெஷின்கள் அப்படிப் போனவைதான்.

இவ்வளவு உயரத்தில் ஹார்ட் டிஸ்க் ஓடுமா? ஃபேன் குளிர்விக்குமா?

ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பொதுவாக 3,048 மீட்டர் வரை அனுமதி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கவலை வேண்டாம். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஃபேன் தள்ளும் காற்று அந்த அளவுக்குக் குறைவாகத்தான் சூட்டை எடுக்கும். ஆனால் அந்தக் காற்றே குளிர்ந்த காற்று, அதனால் கணக்கு நமக்குச் சாதகமாகவே முடிகிறது.

அப்புறம் ஃபேன் ஏன் இவ்வளவு இரைகிறது என்றால், பிராசசருக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஹீட்சிங்கைக் கழற்றி இரண்டு பக்கமும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புதுப் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு நடுவில் வைத்து மாட்டுங்கள். இன்டெல் ஹீட்சிங்கின் நான்கு கால்களையும் குறுக்குக்குறுக்காக அழுத்த வேண்டும், ஒவ்வொன்றிலும் சத்தம் கேட்க வேண்டும். போர்டைத் திருப்பிப் பார்த்து நான்கு கறுப்பு முனைகளும் வெள்ளை நகத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். ஒரு கால் சரியாக உட்காராவிட்டாலும் சூடு 90-ஐத் தொடும். படம் பார்க்கும் அறையில் அமைதிதான் பெரிய வசதி, இந்த ஒரு வேலையில் வரும் நிம்மதி எந்தக் கார்டிலும் வராது.

டிவியில் சத்தம் வரவில்லை, படத்தின் ஓரமும் வெட்டுப்படுகிறது.

விஜிஏ வயரில் சத்தம் போகாது, எச்டிஎம்ஐ வேண்டும். எச்டிஎம்ஐயில் போட்டும் வரவில்லை என்றால் சவுண்ட் அமைப்பில் அவுட்புட்டாக டிவியைத் தேர்ந்தெடுங்கள். ஓரம் வெட்டுப்படுவது டிவியின் வேலை, அதன் படஅளவு அமைப்பில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், அதைப் போடுங்கள்.

கல்யாண டிவிடி எல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. காப்பாற்ற முடியுமா?

இந்த மெஷினை எழுப்புவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. மலை ஈரத்தில் டிவிடிக்கு ஆயுள் குறைவு, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, மென்மையான துணியால் நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள், வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு போய் நிரந்தரமாகக் கெடுத்துவிடும். நிழலில் காய வைத்துப் பழைய மெஷினின் டிவிடி டிரைவில் போட்டு உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை அப்படியே டிஸ்க்குக்கு நகலெடுங்கள். வீடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிவிடியில் பூட்டு எதுவும் இருக்காது. ஒரு டிவிடி பெரும்பாலும் 4.7 ஜிபிக்குள் இருக்கும், சில சமயம் 8.5 வரை போகும். ஒரு டிரைவில் படிக்காதது இன்னொரு டிரைவில் படிக்கும், ஆகையால் முதல் முயற்சியில் வராவிட்டால் தூக்கிப் போடாதீர்கள்.

ஓடவிட்டால் தாலி கட்டும் கை அசையும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிகிறதா? அந்தக் காலத்து கேமரா ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் தனித்தனியாக எடுத்தது, பழைய டப்பா டிவியில் அது தெரியாது, இன்றைய டிவியில் தெரியும். விஎல்சியில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ஆன் செய்து யாடிஃப் வகையைத் தேர்ந்தெடுங்கள், கோடு மறைந்துவிடும்.

நகல் எடுத்ததை ஒரே டிஸ்க்கில் வைக்காதீர்கள். இன்னொரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, முடிந்தால் கீழே கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கும் அக்கா வீட்டில் வைத்துவிடுங்கள், அங்கே ஈரம் குறைவு.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது.

கோப்பை நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 ஆகச் சேமித்துப் பாருங்கள். கோடியில் என்றால் சப்டைட்டில் அமைப்பில் தமிழ் எழுத்து உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைப் போடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாப் என்ற எழுத்து முறைகளில் தட்டிய கோப்பு என்றால் எழுத்துருவால் சரியாகாது, யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

ரிமோட் வைத்து ஓட்ட முடியுமா?

டிவி ரிமோட் நேராக வேலை செய்யாது, கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐயில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. கோடிக்கு கோரே என்ற போன் செயலி இருக்கிறது, வீட்டு வைஃபையில் இருந்தால் போதும். பெரியவர்களுக்கு டச்பேடு வைத்த குட்டி வயர்லெஸ் கீபோர்டு சுலபம். அதன் ரிசீவரை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால் சிக்னல் தடுமாறும், முன்பக்கத்துக் கறுப்புப் போர்ட்டில் செருகுங்கள்.

எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

படம் ஓடும்போது 60 வாட் என்று வைத்தால், தினம் நான்கு மணி நேரத்துக்கு இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 15 யூனிட். ராத்திரி முழுக்க சும்மா ஓடவிடாதீர்கள்.

எல்லாம் சேர்த்தால் செலவு அதிகமாகிறதே. எந்த இடத்தில் நிறுத்துவது?

எஸ்எஸ்டி, ராம், யுபிஎஸ் வரை யோசிக்காமல் போகலாம். யுபிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் நாளை வேறு மெஷினுக்கும் ஆகும். அதற்கு மேல் கார்டும் வேண்டும், எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால் கோவையில் ஆபீஸ்களில் இருந்து வரும் பழைய மினி கம்ப்யூட்டர்களின் விலையை ஒருமுறை விசாரியுங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலிட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி என்று கை அகலத்தில் வரும், ஏழாம் தலைமுறையோ அதற்கு மேலோ பார்த்து எடுத்தால் இவ்வளவு நேரம் பேசிய கோடெக் தொல்லையில் பெரும்பகுதி இல்லை, இரைச்சலும் இல்லை, கரண்டும் குறைவு. பழைய மெஷினுக்கு ஆகும் மொத்தச் செலவு அதன் விலையில் பாதியைத் தாண்டினால் நான் மினிக்குத்தான் போவேன். பழைய மெஷினின் டிவிடி டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தனி பவரோடு வரும் சாட்டா-யுஎஸ்பி அடாப்டரில் இரண்டும் ஓடும்.

கோவைக்கு இறங்கும்போது என்னென்ன கொண்டு போவது?

ராம் துண்டு ஒன்று, கேபினட் திறந்த நிலையில் நான்கைந்து போட்டோ, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரின் போட்டோ, மதர்போர்டில் அச்சடித்திருக்கும் மாடல் எண், டிவியின் பின்பக்கப் போர்ட்டுகளின் போட்டோ. காந்திபுரம் பக்கக் கடைகளில் இதைக் காட்டினாலே சரியான பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எச்.265 10 பிட் படம் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். பழைய கார்டோ மினியோ வாங்குவதாக இருந்தால் கடையிலேயே அதை ஓட்டச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் வீடியோ டீகோட் கோடு ஏறுகிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.